சீர் வந்த கடியாரம்

கடலை விழுது இறங்குகிற நேரத்தில் தண்ணீரை நிறுத்துவது பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுகிற மாதிரி. ஆண்டிச்சாமிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆலங்குடிக்குத் தெற்கே புளியடிக்காட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே போர்வெல்தான். அவர்களுடைய அப்பா போட்டது. பாகம் பிரிந்தபோது மோட்டார் ரூம் மூத்தவர் ஆண்டிச்சாமி பக்கம் விழுந்தது, சாவியும் அவர் வீட்டிலேயே தங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியம் இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் தம்பி நாகராசுவின் முறை. எட்டு வருஷமாக அதில் ஒரு சொல் வந்ததில்லை.

அன்றைக்கு நாகராசு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. அண்ணனுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து கடலையைப் பார்த்தான். மாசி வெயிலுக்கு இலை மடங்கிக் கிடந்தது. பூவெல்லாம் உதிர்ந்து, விழுது நூல் நூலாய்க் கீழே இறங்கி மண்ணைத் தொட்டு நின்றது. மண் காய்ந்து ஓடாக இருந்தால் அது உள்ளே போக முடியாது. வெளியிலேயே கருகிவிடும். கருகினால் செடி இருக்கும், காய் இருக்காது.

காரணம் ஒரு சுவர்க் கடியாரம். அதை இறக்கியது அவன் பெண்டாட்டி மோகனப்ரியா.

போன மாசியில் ஊர்ஜனம் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் கொண்டுபோனார்கள். புதுக்கோட்டைப் பக்கம் இது இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவதில்லையா, அதேபோல ஊரே தாய்மாமனாக நின்று, முன்னால் மேளம் போக, பின்னால் தாம்பாளத்தில் தேங்காய் பழமும் நோட்டுப் புத்தகமும், தலைச்சுமையாய் நாற்காலியும் மின்விசிறியும் குடமும் உலக உருண்டையும் வரும். ஆண்டிச்சாமி அந்த வருஷம்தான் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு வந்திருந்தார். பட்டுத் துண்டு போர்த்தி ஒரு கடியாரம் கொண்டுவந்தார். சைக்கிள் சக்கரத்தில் பாதி இருக்கும். பன்னிரண்டுக்குக் கீழே அவர் அப்பாவின் படம், படத்துக்குக் கீழே பெயரும் மறைந்த தேதியும். அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கரும்பலகைக்கு மேலே, யாருக்கும் கை எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

மற்றதெல்லாம் பீரோவுக்கு மேலே ஏறியது. உலக உருண்டைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை இன்றுவரை கழற்றப்படவில்லை. சீர் வந்த பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு என்பது ஊர் எண்ணம். தொடாமல் வைப்பதுதான் அந்த மரியாதை. தலைமை ஆசிரியர் அருள்தாஸுக்கு அது தோதாகப் போயிற்று. அவர் வைகாசியில் ஓய்வு பெறுகிறார். எண்ணுகிற மணியும் அளவுகோலுமாக அரசாங்கம் அனுப்பிய கணக்குப் பாடப் பெட்டியையே அவர் பூட்டி வைத்திருந்தார். ஒரு மணி உருண்டு ஓடிக் காணாமல் போனாலும் ஆடிட்டில் தன் பென்ஷனில் வந்து நிற்கும் என்கிற பயம். பயம் சும்மா இல்லை. அவர் கூட்டாளி ஒருத்தர் அப்படி இரண்டு வருஷம் அலைந்தார்.

இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கூடம். நாலும் ஐந்தும் அருள்தாஸுக்கு. ஒன்றிலிருந்து மூன்று வரை மோகனப்ரியாவுக்கு. மூன்றாம் வகுப்பில் ஆண்டிச்சாமியின் மகள் ஹரிணியும் இருந்தாள். அவளுக்கு மோகனப்ரியா வீட்டில் சித்தி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். வழியில் பார்த்தால் இரண்டையும் சேர்த்து "சித்தி டீச்சர்" என்பாள்.

இப்படி இருக்கையில்தான் ஆலங்குடி வட்டார வள மையத்தில் பயிற்சி வந்தது. பயிற்சி என்றால் வழக்கமாக ஒரு கையெழுத்து, ஒரு டீ, இரண்டு பிஸ்கட், மதியத்துக்குச் சாம்பார் சாதம். பாதிப் பேர் போனுக்குள் இருப்பார்கள். இந்தத் தடவை வந்த பயிற்றுநர் ஷர்லி, ஜெகதாப்பட்டினத்துப் பெண், சின்ன வயது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் வளர்ந்த குரல், மைக் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் ஓர் அட்டைக் கடியாரம் கொடுத்து நாலரை மணி வைக்கச் சொன்னாள்.

வைத்தார்கள். பெரிய முள்ளை ஆறுக்குத் தள்ளி, சின்ன முள்ளை நாலின் மேல் கச்சிதமாக நிறுத்தி எல்லோரும் தூக்கிக் காட்டினார்கள். மோகனப்ரியாவும் காட்டினாள்.

"இந்த ஹால்ல ஒருத்தருக்கும் மணி பார்க்கத் தெரியலை" என்றாள் ஷர்லி.

முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தன் கைக்கடியாரத்தைப் பார்த்தார்கள். நாலரைக்குச் சின்ன முள் நாலில் நிற்காது, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கும். அட்டையில் இரண்டு முள்ளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுற்றுகிறது. பெரிய முள் ஓட ஓடச் சின்ன முள் பின்னாலேயே ஊர்ந்து போவதைக் காட்டாமல், மணி சொல்லு என்றால் பிள்ளை எதைப் பார்த்துச் சொல்லும்? மோகனப்ரியா பதினோரு வருஷமாக அட்டையைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அருள்தாஸிடம் பீரோ சாவி கேட்டாள். கணக்குப் பெட்டியில் பல்சக்கரம் வைத்த கடியாரம் இருக்கிறது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாக நகரும். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வைகாசி வரைக்கும் பொறும்மா, அப்புறம் சாவி உன் கையில், நீ என்ன வேண்டுமானாலும் செய் என்றார். வைகாசியில் இந்தப் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போயிருக்கும் என்றாள். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவரில் இருந்ததை இறக்கினாள். முந்தானையால் தூசி துடைத்து, பேட்டரியைக் கழற்றி, தரையில் பாய் விரித்து நடுவில் வைத்தாள். பிள்ளைகள் சுற்றி மண்டியிட்டார்கள். ஒவ்வொருத்தராகப் பின்பக்கத் திருகைப் பிடித்துத் திருப்பினார்கள். பெரிய முள் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் சின்ன முள் சத்தமில்லாமல் ஒரு வீடு தள்ளிப்போனது. பின் பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளையெல்லாம் மணியைக் கத்திச் சொன்னது. மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் நெரிசலில் யார் முழங்காலோ கடியாரத்தின் மேல் அழுந்தியது. கண்ணாடி போயிற்று. யார் முழங்கால் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகளை விலக்கிவிட்டுச் சில்லுகளைப் பொறுக்கினாள்.

ஹரிணி சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள், தாத்தாவை இறக்கித் தரையில் வைத்து எல்லோரும் சுற்றினோம் என்று. மறுநாள் மோட்டார் ரூமில் பூட்டு விழுந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் மோகனப்ரியா நேரே பெரிய வீட்டுக்குப் போனாள். ஆண்டிச்சாமி வாசலில் பாரையை ஊன்றித் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் பதினாலு வருஷம் சாரம் கட்டிய கை. ஒரு குத்து, இரண்டு திருகு, மட்டை தனியாக விழும். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. நடுவில் யாராவது வேண்டும். அவர் மனைவி ராசாத்தி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

கண்ணாடி உடைந்தது தன் தப்பு, கவனமாக இருந்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள் மோகனப்ரியா.

"ராசாத்தி, அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லு" என்றார் அவர், தேங்காயைப் பார்த்துக்கொண்டே. "கண்ணாடி கெடக்கட்டும். ஆலங்குடியில வாங்கிப் போட்டுக்கலாம். பேட்டரியக் கழட்டி எங்கப்பாவ நிப்பாட்டி, தரையில போட்டு, ஊருப் புள்ளையெல்லாம் மூஞ்சியில கைய வச்சு அமுக்குச்சாமே, அது என்ன வெளையாட்டுன்னு கேளு."

ராசாத்தி எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"பாடந்தான் மாமா. வெளையாட்டு இல்லை."

பாரையில் தேங்காய் குத்தியபடி நின்றது.

"அவரு செத்தப்ப நான் பத்தாவது மாடியில நின்னுக்கிட்டிருந்தேன். லீவு கேட்டேன், குடுக்கலை. போன்ல காட்டுனானுக. தூக்குற நேரத்துல அதுவும் அத்துப்போச்சு. கடைசி மொகம் பார்க்காதவன் நான். அந்த மொகம் ஊரு பாக்குற எடத்துல ஒசரத்துல இருக்கணும்னு வச்சேன். அதை இருந்த எடத்துல மாட்டிட்டு, இனிமே தொட மாட்டேன்னு சொல்லச் சொல்லு. தண்ணி வரும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தச் சாவு வீட்டில் மூத்த மகன் இல்லாமல் கொள்ளி வைத்ததை மோகனப்ரியா பார்த்திருக்கிறாள். ஆனாலும் தொட மாட்டேன் என்ற சொல் அவளுக்கு வரவில்லை.

"ஒசரத்துல இருந்தா ஊரு பார்க்கும் மாமா. புள்ளைக பார்க்காது. ஒரு வருஷமா அந்தக் கடியாரத்துக்கு நேராத்தான் ஹரிணி ஒக்காந்திருந்துச்சு. போன வாரம் வரைக்கும் அதுக்கு மணி பார்க்கத் தெரியாது."

ராசாத்தி நிலைப்படியிலிருந்து நிமிர்ந்தாள். ஆண்டிச்சாமி அடுத்த தேங்காயை எடுத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை வழிபாட்டு நேரத்துக்கே அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கடியாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். கொடுத்த சீரைத் திரும்ப எடுத்துப் போவது அந்தப் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். டீக்கடையில் பேச்சு ஓடியது. அருள்தாஸ் மட்டும், நல்லதாகப் போயிற்று, ஒரு தொல்லை விட்டது என்றார்.

நாகராசு அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான். வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு. அவனுக்குப் பிடித்தது. தட்டில் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை.

"ஒரு வார்த்தை மோகனா. இனிமே தொட மாட்டேன்னு சொல்லிட்டாப் போதும். சொல்லிட்டுப் போயி ஒன் இஷ்டப்படி செய்யி. யாரு பார்க்கப் போறா."

"செய்யிறதைத்தான் சொல்லுவேன்."

"எங்கப்பா மொகம் அது."

"எனக்கு மட்டும் யாரு? டீச்சர் வேலைக்கு டெட் பரீட்சை எழுத வெள்ளன டிவிஎஸ்ஸுல வச்சுக் கொண்டுபோயி விட்டுட்டு, முடியிற மட்டும் புதுக்கோட்டையில வெயில்ல நின்னவரு. புள்ளைக கை பட்டா அந்த மனுசனுக்கு வலிக்காது."

அவன் தட்டைத் தள்ளினான். "ஒனக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம். கடலை போனா மசுராப் போச்சு."

அது அவளைச் சுட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினாள்.

"எட்டாவது படிக்கையில இருந்து, மரக்காலுக்கு இவ்வளவுன்னு கூலிக்குக் கடலை ஆஞ்ச கை இது. மரக்காலு அளக்குறவன் தலை தட்டாம குமிச்சு அளப்பான், எங்க ஆத்தாவுக்குக் கணக்குத் தெரியாது, வாய மூடிக்கிட்டு வாங்கிட்டு வருவா. கடலை போனா எப்புடி இருக்கும்னு எனக்குச் சொல்ற. நாளைக்கு விடியாம எந்திரி. தெருக்கொழாயில தண்ணி வரும். முடிஞ்ச மட்டும் சொமப்போம்."

சுமந்தார்கள். விடிவதற்கு முன் தெருக்குழாயில் அவள் பிடித்துப் பிடித்து வைக்க, அவன் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தள்ளிக்கொண்டு போனான். பாத்தியில் ஊற்றுகிற தண்ணீர் கண்முன்னாலேயே காணாமல் போனது. முந்திரிப் பூ வாசம் காற்றில் கனத்துக் கிடந்தது. மேட்டுப் பக்கத்தைக் கைவிடுவதென்று இரண்டு பேரும் பேசாமலே முடிவு செய்தார்கள். பள்ளத்தை மட்டும் நனைத்தார்கள். அவள் ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு மணியடிக்கிற நேரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நின்றாள். கடியாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

சனிக்கிழமை குறுவளமையக் கூட்டம். பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி ஒருத்தர் வகுப்பை மற்றவர்கள் பார்ப்பது. இந்த மாசம் புளியடிக்காட்டில், மோகனப்ரியாவின் வகுப்பு, பாடம் கடியாரம். ஷர்லி கேட்டபோது அவள்தான் ஒத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி வேறு பாடம் எடுக்கிறேன் என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவள் சொல்லவில்லை.

ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள். மோகனப்ரியா அட்டைக் கடியாரத்தை எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். இது பொய் சொல்லும் கடியாரம், எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் ஆரம்பித்தாள். நாலரை வைத்தாள். சின்ன முள் இடம் மாறி நிற்கிறது டீச்சர் என்றான் ஒருவன். எங்கே நிற்க வேண்டும் என்றாள். அவன் தள்ளி வைத்தான். ஏன் என்றாள். அங்கேதான் தடுமாறியது. மூன்று நாள் பார்த்தது நினைவில் இருந்தது, கையில் ஒன்றும் இல்லை. அருள்தாஸ் ஜன்னல் பக்கம் நின்று சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ராசாத்தி. தலையில் முக்காடு மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோலக் கடியாரத்தை வைத்திருந்தாள். மோகனப்ரியா வராண்டாவுக்கு வந்தாள்.

"இந்தா, பிடி."

கண்ணாடி இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே படம் இருந்த இடத்தை பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளேயிருக்கும் கருப்புத் தகடு தெரிந்தது.

"மாமனாரு வீட்டுலயே இருக்கட்டும். ஃபிரேமு போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிட்டேன். கடியாரம் புள்ளைகளோடது."

"மாமாவுக்குத் தெரியுமா அக்கா?"

"அவரு முன்னாடிதான் வெட்டுனேன். காதுகுத்துக்குத் தாய்மாமன் எடுத்துக் குடுத்த சட்டையப் புள்ள போட்டுக் கிழிக்குமா, பெட்டியில வச்சுக் கும்புடுமான்னு கேட்டேன். எங்கண்ணன் ஹரிணிக்குப் போட்ட கொலுசு அந்துபோனப்ப வந்து திருப்பிக் கேட்டாரா, நீங்க என்ன தாய்மாமன்னு கேட்டேன். தேங்கா உரிச்சுக்கிட்டே இருந்தாரு. சரின்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ளை ராவும் பகலும் மணி சொல்லியே உசுர வாங்குது. நான் அஞ்சாப்போட நின்னவ, எனக்கே இன்னும் சரியா வராது. அது எனக்குக் காட்டிக்குடுக்குதுடீ."

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்துக் கடியாரத்தின் மேல் வைத்தாள்.

"வேட்டி மாத்தையில விட்டுட்டாரு. இன்னைக்கு ஒங்க முறைதான?"

உள்ளே கடியாரத்தைப் பாயில் வைத்ததும் பிள்ளைகள் குனிந்தார்கள்.

"டீச்சர், தாத்தா எங்க?" என்றான் ஒருவன்.

"வீட்டுக்குப் போயிட்டாரு. நீ திருகப் பிடி."

அவன் திருப்பினான். பெஞ்சில் இருந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் பிள்ளைகளுக்குப் பின்னால் குந்தினார்கள். ஷர்லி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயிலேயே வந்து உட்கார்ந்தாள். பெரிய முள் ஆறைத் தாண்டும்போது சின்ன முள் எங்கே என்று மோகனப்ரியா கேட்டாள். பாதி வழியில் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஏன் என்றாள். பெரியது பாதி சுற்றியிருக்கிறது, அதனால் இது பாதி வீடு வந்திருக்கிறது என்றாள் ஹரிணி. அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் வகுப்புக்குக் கட்டியிருந்த சேலையைக்கூட மாற்றவில்லை. முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலைக் கொல்லையில் இறங்கினாள். நாகராசு மோட்டாரைப் போட்டிருந்தான். தண்ணீர் வாய்க்காலில் காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவன் மேற்கே பார்க்க, அவள் கிழக்கே மடை மாற்றினாள். மேட்டுப் பாத்திகளில் விழுது கருகித்தான் போயிருந்தது, அதற்கும் பாய்ச்சினார்கள், மாட்டுக்குச் செடியாவது மிஞ்சும். பள்ளத்துக் கடலை ஈரத்தைக் கண்டதும் இலையை விரித்தது. மம்பட்டி பிடித்து நாளானதால் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. ஐந்தரை பஸ் ஆலங்குடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று பாத்தி பாக்கி.

அப்போது ஆண்டிச்சாமி வந்தார். கூடவே ஹரிணி. மோட்டார் ரூம் கதவில் சாவி தொங்குவதைப் பார்த்தார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. நாகராசு மம்பட்டியை ஊன்றி நின்றுவிட்டான்.

"ஹரிணி, சித்திக்கிட்டச் சொல்லு. முறை முடிஞ்சிருச்சு, மோட்டார நிப்பாட்டப் போறேன்னு."

மோகனப்ரியா மடையை வெட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"அப்பாக்கிட்டச் சொல்லு ஹரிணி. இன்னும் மணி ஆகலைன்னு."

ஹரிணி இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் இடது கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சிங்கப்பூரில் வாங்கிய முள் கடியாரம். கண்ணாடி மேல் விரலை வைத்து அமுக்கினாள்.

"பெரிய முள்ளு ஒம்பதுல இருக்குப்பா. சின்ன முள்ளு ஆறுக்குக் கிட்டத்துல இருக்கு, ஆனா இன்னும் போய்ச் சேரலை. கால் மணி இருக்கு."

அவருக்கு மணி தெரியாமல் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் பிள்ளையின் விரல் ரேகை மண்ணோடு பதிந்திருந்தது. துடைக்கத் துண்டை எடுத்தவர் துடைக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டார். மோட்டார் ரூம் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக் கட்டையில் போய் உட்கார்ந்தார். ஹரிணி பக்கத்தில் ஏறி அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பாத்தி நிறைந்தது. அடுத்ததற்கு மடை திரும்பியது. ஆறு ஆச்சுப்பா என்று ஹரிணி சொன்னது கொல்லை முழுக்கக் கேட்டது. மோகனப்ரியா மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.

கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏறியபோதும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.